கடற்பசுவின் கை

1560ஆம் ஆண்டு, தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையான மன்னாரில் ஏழு உயிர்கள் வலையில் சிக்கின. அவற்றில் ஆணும் இருந்தது, பெண்ணும் இருந்தது. அவை கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. போர்ச்சுக்கீசிய வைஸ்ராயின் மருத்துவர் போஸ்கெஸ் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளமைப்பு எல்லா வகையிலும் மனித உடலோடு ஒத்திருப்பதாக முடிவு சொன்னார். இயேசு சபையாரின் இந்தியப் பணிகளை எழுதிய வரலாற்றாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். முந்நூறு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட் இந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் பேசினார். 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனியச் செயலராக இருந்தவர் அவர். 1861இல் வெளிவந்த தம் இலங்கை இயற்கை வரலாற்று நூலில், கடற்கன்னிக் கதைகளுக்கு மூலம் இந்தக் கடலில் மேயும் கடற்பசுதான் என்று விளக்கினார்.

அந்தச் சம்பவம் எழுதப்பட்டபடியே நடந்ததா என்பது வரலாற்றாளர்களின் கேள்வி. அது எழுதப்பட்ட விதமும், எழுதப்பட்டதில் எது நினைவில் தங்கியது, எது உதிர்ந்துபோனது என்பதும் நம்முடைய கேள்வி. பிடிபட்டவற்றில் ஆண்களும் இருந்ததாகப் பதிவு சொல்கிறது. ஆனால் மரபில் தங்கியவள் கன்னி மட்டும்தான். உள்ளமைப்பு மனிதரைப் போலிருந்தது என்று மருத்துவர் சொன்னார். மரபில் தங்கியதோ வெளியே தெரிந்த மார்பு. ஒரு விலங்கின் உடலுக்குள் மனித உடலைக் கண்ட ஒருவரின் சாட்சி, கடலில் நீந்தும் அரைப்பெண்ணின் கதையாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தைத்தான் இக்கட்டுரை வாசிக்க முயல்கிறது.

போஸ்கெஸின் கத்தி கடற்பசுவின் முன்துடுப்பை அறுத்திருந்தால் அதற்குள் அவர் என்ன கண்டிருப்பார் என்பதை இன்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியும். தடித்த தோலுக்கும் தசைக்கும் உள்ளே ஒரு கை இருக்கிறது. தோளிலிருந்து இறங்கும் ஓர் எலும்பு, அதற்குக் கீழே இணையாக இரண்டு எலும்புகள், மணிக்கட்டின் சிற்றெலும்புகள், பிறகு ஐந்து விரல்கள். வெளியே நகம்கூடத் தெரியாது. உள்ளே விரல்கள் விரிந்து கிடக்கின்றன. மண்டபத்திலும் பாம்பனிலும் ஆவுளியா என்று அழைக்கப்படும் இந்த உயிர் நம்மோடு கொண்ட உறவின் சான்று மார்பில் இல்லை, கையில் இருக்கிறது.

கை எது?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலைப் படித்த எவருக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். மனிதனின் கை, பூனையின் முன்னங்கால், திமிங்கலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை ஆகிய நான்கும் பக்கம் பக்கமாக. அமைப்பு ஒத்த உறுப்புகள் என்று அதற்குத் தலைப்பு. பிடிக்க, நடக்க, நீந்த, பறக்க என்று ஒவ்வொன்றின் வேலையும் வேறு. எலும்புகள் அடுக்கப்பட்ட முறை மட்டும் ஒன்று. இதற்கு எதிர்ப்பக்கத்தில் செயல் ஒத்த உறுப்புகள் என்று இன்னொரு வகை. பறவையின் சிறகும் பூச்சியின் சிறகும் பறக்கின்றன, ஆனால் அவற்றின் மூலம் வேறு. தேர்வில் வேறுபடுத்திக் காட்டச் சொல்வார்கள். எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

தமிழ் படித்தவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது. நம் மொழியே இந்த இரண்டு வகைப் பார்வைக்கும் எடுத்துக்காட்டாக நிற்கிறது. யானையைக் கைம்மா என்றோம், கையுள்ள விலங்கு. தும்பிக்கை, துதிக்கை என்ற சொற்களிலும் கை இருக்கிறது. எடுக்கிறது, கொடுக்கிறது, தடவுகிறது, ஆகவே அது கை. இது செயலைப் பார்த்து வைத்த பெயர். கவிதைக்கு அழகான பெயரும்கூட. ஆனால் அமைப்பின்படி தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. யானையின் உண்மையான கை, அது ஊன்றி நடக்கும் முன்னங்கால். கைம்மாவின் கை மண்ணில் பதிந்திருக்கிறது. நாம் கை என்று கொண்டாடுவது அதன் மூக்கை.

கடற்பசு என்ற பெயரிலும் இதே கதைதான். புல் மேய்கிறது, ஆகவே பசு. கடலடியில் படர்ந்திருக்கும் கடற்புல்லை நாளொன்றுக்கு 30, 40 கிலோ வரை மேயும் இந்த விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் பசுவின் மடி இருக்கும் இடத்தில் அதற்கு மடி இல்லை. முன்துடுப்புகளின் அடியில், அக்குளில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காம்புகள். உறவுமுறையில் அதற்கு நெருங்கியது பசு அல்ல, யானை. யானைக்கும் காம்புகள் முன்னங்கால்களுக்கு இடையில்தான் இருக்கின்றன. தரையில் வாழ்ந்த நான்குகால் முன்னோரிலிருந்து வந்ததுதான் கடற்பசுவின் வழியும். கால் கொண்ட அத்தகைய முன்னோர் ஒன்றின் புதைபடிவம், ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழமையானது, ஜமைக்காவில் கிடைத்து 2001இல் விவரிக்கப்பட்டது. பின்னங்கால்கள் மறைந்துபோன உடலுக்குள் இடுப்பெலும்பின் எச்சம் இன்னும் தங்கியிருக்கிறது.

பெயர் வைப்பது எப்போதும் ஒரு பார்வையின் தேர்வு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். செயலைப் பார்க்கலாம், அமைப்பைப் பார்க்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு ஆசையைப் பார்த்தும் பெயர் வைக்கலாம். கடற்பசு இனத்தை உள்ளடக்கிய வரிசைக்கு 1811இல் இல்லிகர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் சைரீனியா என்று பெயரிட்டார். கிரேக்கக் கதையில் பாடி மயக்கி ஆண்களைக் கடலில் சாகடிக்கும் பெண்கள் சைரன்கள். யாரையும் மயக்காமல், மெதுவாக நகர்ந்து, புல் மேய்ந்து, மூச்சுவிட மேலே வந்து போகும் ஒரு சாதுவான விலங்கின் குடும்பத்துக்கே மயக்குகிறவள் என்ற பட்டம். 1493இல் கொலம்பஸ் கரீபியக் கடலில் கண்டதாகச் சொன்ன கடற்கன்னிகளும் இதே வரிசையைச் சேர்ந்த மனாட்டிகளே என்று கருதப்படுகிறது. வரைந்து காட்டுகிற அளவுக்கு அவர்கள் அழகாக இல்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். விலங்காக இருந்தாலும் பெண் என்று நினைத்துவிட்டால் அழகுக்கு மதிப்பெண் போட ஒருவர் வந்துவிடுகிறார்.

பாலூட்டிகளும் மனிதனும்

மயக்குகிறவள் ஒரு முனை என்றால் தாய் மறுமுனை. 1758இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், அதுவரை நாற்காலிகள் என்ற பொருளில் வழங்கிய வகுப்புக்கு மம்மாலியா என்ற புதுப் பெயரைத் தந்தார். முலையுடையவை என்பது அதன் பொருள். அறிவியல் வரலாற்றாளர் லோண்டா ஷீபிங்கர் 1993இல் இந்தப் பெயரிடலை எடுத்துக்கொண்டு கேட்ட கேள்வி எளிமையானது: ஏன் முலை? இந்த வகுப்பு உயிர்களுக்கெல்லாம் மயிர் உண்டு. நான்கு அறை இதயம் உண்டு. பால் சுரப்பதோ வகுப்பில் பாதி மட்டும், அதுவும் வாழ்நாளின் ஒரு பகுதியில் மட்டும். மயிருடையவை என்று அழைத்திருந்தால் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே அடங்கியிருப்பார்கள்.

ஷீபிங்கர் தரும் பதில் லின்னேயஸின் காலத்து அரசியலில் இருக்கிறது. ஐரோப்பாவில் வசதியான வீட்டுக் குழந்தைகளைப் பாலூட்டும் கூலித் தாய்மாரிடம் ஒப்படைக்கும் வழக்கத்துக்கு எதிராகப் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்தது. மருத்துவரான லின்னேயஸும் 1752இல் அதை எதிர்த்து எழுதினார். பெண்ணின் இடம் வீடு, அவள் கடமை தன் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்ற கருத்தை இயற்கையின் சட்டமாக நிறுவ அப்பெயர் உதவியது. அதே பத்தாம் பதிப்பில்தான் ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயரும் வருகிறது. அறிவுள்ள மனிதன். விலங்குகளோடு நம்மைச் சேர்க்கும் இடத்தில் பெண்ணின் முலை. விலங்குகளிலிருந்து நம்மைப் பிரிக்கும் இடத்தில் ஆணுக்கு உரியதாகக் கருதப்பட்ட அறிவு. ஷீபிங்கரின் வாசிப்பு தொடும் நுட்பம் இதுதான்.

தமிழில் இது எப்படி வந்து சேர்ந்தது? பாலூட்டி என்ற சொல்லை நாம் ஆக்கிக்கொண்டோம். மூலச் சொல்லைவிட இது ஒரு படி மேலானது என்பேன். உறுப்பைச் சொல்லாமல் ஒரு செயலைச் சொல்கிறது. முலை ஒரு பொருள். ஊட்டுதல் ஒரு வேலை. அதற்கு நேரமும் உடம்பும் உறக்கமும் செலவாகின்றன. ஆனாலும் வேலை செய்யாத பாதியும் அதே பெயரில் அடங்குகிறது என்ற முரண் மாறவில்லை. பாடநூலின் படத்துக்குத் திரும்புவோம். நான்கு உறுப்புகளில் முதலாவதன் பெயர் மனிதனின் கை. மனிதன் ஆண்பால் ஒருமை. பொதுச்சொல்லாகத்தான் வழங்குகிறது என்று இலக்கண ஆசிரியர்கள் சமாதானம் சொல்வார்கள், நானும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். ஆனால் வகுப்பின் பெயரில் பெண்ணின் பால், கையின் பெயரில் ஆணின் விகுதி என்று இரண்டும் ஒரே பாடநூலில் இருக்கும்போது, லின்னேயஸின் பிரிவினை தமிழுக்கும் குடியேறிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கொடுப்பவள் பெண், கையாள்பவன் மனிதன்.

நம் பழைய நூலில் வேறொரு வழியும் இருந்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது. இவற்றில் மக்களுக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே. ஆனால் குழவி யானைக்கும் உண்டு, பசுவுக்கும் எருமைக்கும் உண்டு. மகவு குரங்குக்கும் உண்டு. மனிதருக்கென்று தனியே ஒதுக்கிய ஓர் இளமைப் பெயர்கூட இல்லை. இதைப் பரிணாமக் கோட்பாட்டின் முன்னறிவிப்பு என்று பெருமை பேசுவது அபத்தம். மரபியல் சொல்வழக்கைத் தொகுக்கும் நூல். பொதுமூதாதை பற்றிய எண்ணம் அதில் இல்லை. அதே மரபியலில் உயிர்களை அறிவின் ஏணியில் ஒன்று முதல் ஆறு வரை ஏற்றிவைக்கும் பகுதியும் இருக்கிறது, மக்கள் உச்சியில். ஆனாலும் குட்டிகளைப் பற்றிப் பேசும்போது அந்த ஏணி தளர்ந்து, சொற்கள் எல்லை தாண்டிப் போகின்றன. இளமைப் பெயர்களை அன்றாடம் அதிகம் புழங்கியவர்கள் வளர்த்தவர்கள்தானே என்று எண்ணத் தோன்றுகிறது. அது என் ஊகம், சான்று அல்ல.

உயர்ந்த மாதிரியா, பொது மூதாதையா?

அமைப்பொப்புமையைக் கண்டவர்கள் எல்லோரும் அதற்கு ஒரே பொருள் கொள்ளவில்லை. 1555இல், அதாவது மன்னார்ச் சம்பவத்துக்கு ஐந்தாண்டு முன்னால், பிரான்சில் பியர் பெலோன் பறவையின் எலும்புக்கூட்டையும் மனித எலும்புக்கூட்டையும் அருகருகே வரைந்து ஒத்த எலும்புகளைக் குறித்துக் காட்டினார். உறவு என்ற விளக்கம் அவரிடம் இல்லை. 1843இல் ரிச்சர்ட் ஓவன், வடிவமும் வேலையும் எவ்வளவு மாறினாலும் வெவ்வேறு விலங்குகளில் அதே உறுப்பாக இருப்பதை அமைப்பொப்புமை என்று வரையறுத்தார். ஆனால் அந்த ஒற்றுமைக்குக் காரணம், எல்லா முதுகெலும்பிகளுக்கும் அடிப்படையான ஓர் உயர்ந்த மாதிரி வடிவம் என்று கருதினார். 1859இல் டார்வின் அதே எலும்புகளை எடுத்துக்கொண்டார். பிடிக்கும் மனிதக் கை, தோண்டும் அகழெலியின் கை, குதிரைக் கால், கடற்பன்றியின் துடுப்பு, வௌவாலின் இறக்கை. மாதிரி வடிவம் இருந்த இடத்தில் ஒரு மூதாதையை வைத்தார்.

பெண்ணியம் படிக்கும் மாணவிகள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. மாதிரி வடிவம் என்றால் ஒரு முழுமை உண்டு, மற்றவை அதன் குறைபட்ட நகல்கள். மூதாதை என்றால் முழுமையும் இல்லை, நகலும் இல்லை. ஒரே இடத்திலிருந்து கிளம்பிய பல வழிகள் மட்டுமே. துடுப்பு என்பது கையாக முடியாமல் போன உறுப்பு அல்ல. கை என்பது துடுப்பின் உயர்ந்த நிலையும் அல்ல. ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற நீரில் உடலை ஊன்றித் தூக்கிய உயிர்களின் துடுப்பிலிருந்து இரண்டும் வந்தவை. கனடாவின் வடகோடியில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் புதைபடிவத்தில் துடுப்புக்குள் மணிக்கட்டின் தொடக்கம் தெரிகிறது.

பெண்ணுடல் பற்றிய நெடிய பேச்சு முழுவதும் மாதிரி வடிவத்தின் பேச்சாகவே இருந்தது. ஆணின் உறுப்புகள் உள்நோக்கித் திரும்பியதே பெண்ணுடல் என்றார் பழைய கிரேக்க மருத்துவர் காலன். விலா எலும்பிலிருந்து பெண் வந்தாள் என்கிற கதை உண்டு. இரண்டிலும் ஆண் மூலம், பெண் வழிமொழிதல். கருவியல் காட்டும் காட்சி வேறு. கருவின் முதல் வாரங்களில் புறப் பிறப்புறுப்புகள் இருபாலுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒரே முகிழ்ப்பிலிருந்து ஒன்றில் கிளிட்டோரிஸ் உருவாகிறது, மற்றொன்றில் ஆண்குறி உருவாகிறது. ஆணின் மார்பில் பயனற்ற காம்புகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கும் விடை இதுதான்: உடலின் வரைபடம் பொதுவானது. யாரும் யாருடைய நகலும் அல்ல.

இவ்வளவு கூர்மையான கருவியை உருவாக்கிய டார்வினே, 1871இல் மனிதரின் தோற்றம் பற்றி எழுதும்போது, அறிவாற்றலில் ஆண் உயர்ந்தவன் என்று எழுதினார். கைகளுக்குள் மூதாதையைக் கண்டவர் பால் வேறுபாட்டுக்குள் மறுபடி ஏணியைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1875இல், அமெரிக்காவின் ஆன்டாய்னெட் பிரவுன் பிளாக்வெல் அதற்கு நூலாகவே மறுப்பு எழுதினார். பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு, அதை எழுதியவரின் ஆண்சார்பை மறுத்த எழுத்து அது. அறிவியலை நிராகரிக்காமல் அறிவியலோடு சண்டையிடலாம் என்பதற்கு நமக்கு முன்னோடியான பெண்ணை நம் பாடத்திட்டங்கள் அறிமுகப்படுத்துவதில்லை.

மார்பு சொல்லும் உண்மை, மார்பு சொல்லாத உண்மை

கடற்பசுவின் மார்பு நமக்கு எந்த உறவையும் காட்டவில்லையா என்று கேட்கலாம். காட்டுகிறது, ஆனால் கடற்கன்னிக் கதை காட்டும் வழியில் அல்ல. பால்சுரப்பி என்ற உறுப்பு எல்லாப் பாலூட்டிகளுக்கும் பொதுவான மரபுச்சொத்து. கருவில் அக்குளிலிருந்து கவட்டை வரை ஓடும் ஒரு பால்கோட்டின் மேல்தான் காம்புகள் தோன்றுகின்றன. பசுவில் அது பின்பக்கம் நிலைக்கிறது, நாயில் வரிசையாக நிலைக்கிறது, நம்மிலும் யானையிலும் கடற்பசுவிலும் முன்பக்கம் நிலைக்கிறது. சுரப்பி பொது. அது நெஞ்சுப் பக்கம் அமைந்தது இரு வழிகளில் தனித்தனியே நேர்ந்தது. கடற்பசுவின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மாலுமி கண்ட ஒற்றுமை இடத்தின் ஒற்றுமை. வாலும் அப்படியே. கடற்கன்னியின் வால் மீன்வால் என்கிறார்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும், கடற்பசு மேலும் கீழுமாக அடிக்கும். அது பாலூட்டியின் முதுகெலும்பு அசையும் முறை. மேலே பெண், கீழே மீன் என்ற படத்தில் மேலும் தவறு, கீழும் தவறு.

டென்னென்டின் நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. தாய்க் கடற்பசு ஒரு துடுப்பால் குட்டியை மார்போடு அணைத்து, நீருக்கு மேல் தலைதூக்கிப் பால் கொடுப்பதாக அவர் எழுதுகிறார். மனிதத் தாயின் ஒப்புமையும் அங்கே வருகிறது. கடலில் பார்த்து எழுதும் ஆய்வாளர்கள் காண்பது வேறு. குட்டி நீருக்குள்ளேயே தாயின் பக்கவாட்டில், துடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பால் குடிக்கிறது. அணைத்தபடி அமர்ந்திருக்கும் தாய், விக்டோரியா காலத்து வரவேற்பறைச் சுவரிலிருந்து கடலுக்குள் இறங்கியவள். கவனித்தால், டென்னென்ட் கையைப் பார்த்துவிட்டார். துடுப்பு ஒரு கை என்று அவர் எழுத்தே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் கைக்கு அவர் தந்த ஒரே வேலை குழந்தையை ஏந்துவது.

இதே கரையில் மார்பே இல்லாத ஒரு உறவினரும் இருக்கிறார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவுக்கு விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வருவதற்கு ஒரு காரணம் அங்கே மணலில் வாழும் பாலனோகிளாசஸ் வகைப் புழு. 1927இலேயே சென்னை அருங்காட்சியகம் அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனித் தொகுதி வெளியிட்டது. அந்தப் புழுவின் தொண்டையில் உள்ள செவுள்பிளவுகள், முதுகெலும்பிகளின் கருவில் தொண்டையருகே தோன்றும் அமைப்புகளோடு மூலத்தில் ஒன்றாகக் கருதப்படுகின்றன. நம் தாடைக்கும் காதெலும்புக்கும் குரல்வளைக்கும் அங்கிருந்துதான் வழி. நாம் பேசுவதும் கேட்பதும் அந்த மணற்புழுவோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு பழைய தொண்டையின் தொடர்ச்சி. ஆனால் யாரும் அதைப் பற்றி ஒரு கன்னிக் கதை கட்டவில்லை. உறவு எவ்வளவு ஆழமானது என்பது கதை கட்டுகிறவர்களுக்கு முக்கியமில்லை, பார்க்கிறவரின் ஆசைக்கு இடமிருக்கிறதா என்பதே முக்கியம்.

வேலை செய்யும் கைகள்

இந்த விமரிசனத்துக்கு நூலகத்துக்கு வெளியே என்ன பயன் என்று கேட்டால், சின்னப்பாலம், பாம்பன், ஏர்வாடி என்று இக்கரை ஊர்களைக் காட்டுவேன். இங்கே பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முன்னிரண்டும் அகார் செய்ய, பின்னிரண்டும் ஆல்ஜினேட் செய்யப் போகின்றன. சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களுக்குத் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியதைக் கையால் பிய்த்து, மேலே வந்து மூச்சுவிட்டு மறுபடி மூழ்குவார்கள். முகம் நீரில் அமிழ்ந்ததும் இதயத் துடிப்பு மெதுவாகும். பாலூட்டிகளில் பரவலாக உள்ள பழைய மரபு அது. துணிச்சுற்றையும் தாண்டிப் பவளப்பாறை விரல்களைக் கிழிக்கும். என் வகுப்பில் இந்த வீடுகளிலிருந்து வரும் மாணவிகள் சிலர் விடுமுறை நாட்களில் தாங்களும் கடலில் இறங்குகிறவர்கள்.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி கடல் தேசியப் பூங்காவானது. தலைமுறையாகத் தீவோரத்தில் பாசி எடுத்தவர்கள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். கடலைக் காக்க வேண்டியது அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடற்பசு இந்தியக் கடல்களில் சில நூறுதான் மிஞ்சியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு பெண் கடற்பசு பருவமடையவே ஆறு முதல் பதினேழு ஆண்டுகள் ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி. வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில், 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல அறிவிப்பு.

என் கேள்வி பாதுகாப்பைப் பேசும் மொழி பற்றியது. கடற்பசுவைக் கடலின் தாய், சாந்தமானவள், பால் கொடுப்பவள் என்று பேசும்போது அது டென்னென்டின் ஓவியத்தைத்தான் தொடர்கிறது. அதே கடலில் கையை இழுத்துப் பாறையோடு போராடும் பெண் அந்த மொழியில் இயற்கையின் எதிரியாகத் தெரிகிறாள். தாய்க்கு மரியாதை, உழைப்பாளிக்கு அபராதம். பெண்ணும் இயற்கையும் ஒன்று என்று பாடும் சிலவகைச் சூழலியல் எழுத்தும் இதே வலையில் விழுகிறது. கர்ப்பமும் பாலும்தான் நம்மை விலங்குகளோடு இணைக்கின்றன என்று அது நம்புகிறது. பிள்ளை பெறாதவள், பெற விரும்பாதவள், பால் சுரக்காதவள் எல்லாம் அந்த உறவுக்கு வெளியே நிற்க வேண்டுமா? கடற்பசுவோடு நம்மை இணைக்கும் ஐந்து விரல்கள் எல்லோருக்கும் பொது. உறவுக்குத் தாய்மை நுழைவுச்சீட்டு இல்லை.

பாசி எடுக்கும் பெண்கள் கடலைக் காப்பவர்களும்தான் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று இவர்கள் தாங்களே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களை ஒருங்கிணைத்ததற்காக 2015இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது. எங்கே பாசி மறுபடி வளரும், எத்தனை நாளில் வளரும், எதை வேரோடு பிடுங்கக் கூடாது என்ற அறிவு அந்த விரல்களில் இருக்கிறது. அறிவுள்ள மனிதன் என்ற பெயரில் லின்னேயஸ் எண்ணிப் பார்த்த அறிவு இதுவல்ல.

அமைப்பு ஒத்த உறுப்புகள் என்ற பாடத்தின் சாரமே, எலும்பு வேலையை விதிப்பதில்லை என்பதுதான். அதே எலும்புகள் ஓரிடத்தில் பறக்கின்றன, ஓரிடத்தில் தோண்டுகின்றன, ஓரிடத்தில் கடலுக்கடியில் திசை திருப்புகின்றன. உடற்கூறு வந்த வழியைச் சொல்லும், போகும் வழியைச் சொல்லாது. பெண்ணின் உடம்பு இதற்குத்தான் ஆனது என்று யாரேனும் அறிவியலின் பெயரால் சொல்ல வரும்போது, பத்தாம் வகுப்பின் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டலாம்.

அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தமும் வேண்டும். முதல் படத்தின் கீழே மனிதரின் கை என்று எழுதட்டும். இராமநாதபுரத்தில் பாடம் நடத்துகிறவர்கள் திமிங்கலத்தின் இடத்தில் ஆவுளியாவின் துடுப்பை வரையட்டும். அதன் அருகில் மாணவிகள் தங்கள் அம்மாவின் கையை வைத்து வரையட்டும், பாறை கிழித்த தழும்புகள் உட்பட. எலும்புகள் கோடி ஆண்டுக் கதை. தழும்புகள் இந்த ஊரின் கதை. இரண்டையும் படிக்கத் தெரிந்தால் பாடம் முழுமையாகும்.